ஆணியும் சட்டையும்: நம் துணி அலமாரிக்கு ஓர் அசையும் சின்னம்

பழைய துணி சேகரித்துக் கொடுக்கும் நம் பணிக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஓர் அசையும் லோகோ வரைந்து தரும்படி பிள்ளைகளிடம் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பலவற்றில் நீட்டிய கை இருந்தது. அது வேண்டாம். சொல்லிக் காட்டினால் தர்மம் பாழாகும் என்று அல்பகரா அத்தியாயத்தில் படிக்கிற நாம், வாங்குபவரின் கையைச் சின்னமாக்கலாமா?

2015-இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் ஒரு சுவரில் கொக்கிகள் அடித்தார்கள். மிஞ்சிய உடையை மாட்டலாம், தேவைப்பட்டவர் எடுக்கலாம். யார் எடுத்தார் என்று கேட்பாரில்லை. 2017-இல் நெல்லையில் ‘அன்புச் சுவர்’ வந்ததும் இதே வழியில்தான்.

எனவே இப்படி வரையலாம்: வெறும் ஆணி. சட்டை வந்து தொங்குகிறது. சட்டை போகிறது. ஆணி மட்டும் இருக்கிறது. முகமே இல்லாததால், உருவம் வரையத் தயங்கும் வீட்டாருக்கும் சிரமமில்லை.

சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம். 3 விநாடிக்கு 36. சட்டை அசையாமல் தொங்கும் நேரத்துக்கு ஒரே தாள் போதும், அதனால் இன்னும் குறையும். தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அடியில் தெரியும் கோட்டைப் பார்த்து அடுத்ததைச் சற்றே நகர்த்தி வரையுங்கள். செல்போனை ஆடாமல் கட்டிவைத்து ஒவ்வொன்றாகப் படமெடுங்கள். கோடு நடுங்கினால் நடுங்கட்டும், கைவேலைதானே!

பிறகு தீப்பெட்டி லேபிள் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கோவில்பட்டிப் பக்கத்தில் யாருக்கும் அந்த அளவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் சட்டை சட்டையாகத் தெரிந்தால் சரி. தாள்களை ஜும்ஆவுக்குப் பின் கொடுங்கள். இடைசெவல் பிள்ளைகளிடம் நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.