மூழ்கிய கப்பலும் மூட்டுவலியும்

"டாக்டர், பையன் பாண்டிச்சேரி போய் ஸ்கூபா டைவிங் கத்துக்கணுங்கிறான். அனுப்பலாமா?" என்று ஒரு தாயார் கேட்டார். பக்கத்தில் நின்ற பையனோ, "பூம்புகார் கடல்ல முழுகிப்போன கப்பல் இருக்காமே டாக்டர்!" என்றான்.

இருப்பது உண்மைதான். கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து பூம்புகார்க் கடலை ஆராய்ந்தபோது, 1990-களின் தொடக்கத்தில், சுமார் 20 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றைக் கண்டார்கள். 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக் கட்டிகள் அங்கே கிடைத்தன. கப்பல் மரத்தைக் கடல் புழு அரித்துவிடும். ஈயத்தை என்ன செய்யும்?

சரி, அந்த ஆழத்தில் நம் உடம்பு என்ன ஆகும்? கரையில் இருப்பதைப்போல 3 மடங்கு அழுத்தம். முதல் அடி காதுக்குத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி, அழுத்தத்தைச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும். சளி, பீனிசம் இருக்கும்போது இறங்கவே கூடாது.

காவிரியில் முங்குகிறவர்கள் மூச்சை அடக்குவார்கள். சிலிண்டர் காற்றை சுவாசிப்பவர் அப்படிச் செய்தால் ஆபத்து. மேலே வர வர, அடக்கிய காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

இன்னொன்று நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. கோலி சோடாவைத் திறந்ததும் நுரை பொங்குகிறதே, அதுபோல அவசரமாக மேலே வந்தால் உடம்புக்குள் குமிழிகள் உண்டாகும். அதனால்தான் நிதானமாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வரச் சொல்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். கரையேறிய சில மணி நேரத்தில், சில சமயம் மறுநாள்கூட, மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல் வரலாம். உடனே நம் வீடுகளில் என்ன செய்வோம்? தைலம் தேய்ப்போம், ஒத்தடம் கொடுப்போம். வாதத்துக்குத் தைலம் கொடுக்கிற சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: இது தைலத்துக்கு அடங்கும் வலி அல்ல. தேய்த்துக்கொண்டிருந்தால் நேரம்தான் வீணாகும். கை கால் விளங்காமலே போகலாம். நோயாளியைப் படுக்க வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டைவிங் செய்த விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறையில் வைப்பதுதான் இதற்குச் சிகிச்சை.

கடலில் முங்கிவிட்டு அன்றே விமானம் ஏறுவதும் கூடாது. ஒரு நாள் போகட்டும்.

அந்தத் தாயாரிடம் சொன்னேன்: "காது, நெஞ்சு இரண்டையும் பரிசோதிச்சுட்டு, நல்ல பயிற்சியாளர்கிட்ட தாராளமா அனுப்புங்கம்மா. திரும்பி வந்து வலிக்குதுன்னா மட்டும் என்கிட்ட வராதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க!"