கணக்குப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பாடம்



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது நம் மண்டியிலும் கம்ப்யூட்டர் வைத்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளையை ஒரு பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினோம். எட்டாம் வகுப்புவரை படித்தவர். அங்கே ஆங்கில விளக்கங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நான்காம் நாள், "இது எனக்கு வராது முதலாளி, வேறு ஆளைப் பாருங்கள்" என்று சாவியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டார்.

ஒரு பைசா பிசகாமல் ஐந்தொகை எடுத்தவர் அவர். குறை அவரிடம் இல்லை. பாடம் தொடங்கிய இடத்தில்தான் இருந்தது. ஆகவே அவருக்குத் தெரிந்ததிலிருந்தே கடையில் பாடத்தைத் தொடங்கினோம்.

முதல் பாடம் எடைக்கல். கம்ப்யூட்டருக்குள் இருப்பவை 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். 1, 2, 4, 8 கிலோவில் நான்கு கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவற்றால் 1 முதல் 15 வரை எந்த முழுக் கிலோவையும் நிறுத்துவிடலாம். 13 கிலோவுக்கு 8, 4, 1 ஆகிய கற்கள் தட்டில் உண்டு, 2 இல்லை. உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. பெரிய கல்லிலிருந்து வரிசையாக எழுதினால் 1101. கம்ப்யூட்டரின் 13 அதுதான். இப்படி எட்டு இடங்கள் சேர்ந்தது ஒரு பைட்; 0 முதல் 255 வரை அதில் அடங்கும். இதைக் கேட்டதும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

இரண்டாம் பாடம் சிலேட்டும் பேரேடும். தட்டியது சேமிக்கும்வரை சிலேட்டில் எழுதியது போல. மின்சாரம் போனால் அழிந்துவிடும். சேமித்தால்தான் பேரேட்டில் ஏறும். அதற்கும் தினமும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாம் பாடம் மாவு மில். கல் கலந்த அரிசியைக் கொட்டினால் மாவிலும் கல்தான். 25 மூட்டைக்கு 52 என்று தட்டினால் இயந்திரம் 52-க்கே பில் போடும். எனவே மாலையில் இருப்பை எண்ணிச் சரிபார்ப்பது அவசியம். இதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இன்று பில் போடுவது அவர்தான். பொட்டலம் மடிக்கும் பையனுக்குக் கற்றுத் தருவதும் அவரே. படிப்பு குறைவு என்று பழைய ஆட்களை ஒதுக்கிவிடாதீர்கள். கை பழகிய வேலையிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். ஆளும் நிற்பார், கணக்கும் நிற்கும்.