ஓய்வுக்கால வருமானமும் தனியார் முதலீட்டு நிதியங்களும்

ஓய்வுபெற்றவருக்கு வேண்டுவன இரண்டு: ஒன்று, போதிய வருமானம், மற்றொன்று, அது உரிய நாளில் கைக்கு வருதல். முன்னதைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம், பின்னதை மறந்துவிடுகிறோம். மாற்று முதலீட்டு நிதியங்களைக் கருதும்போது பின்னதையே முதலில் ஆராய வேண்டும்.

இந்நிதியங்கள் செபி அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் இயங்குகின்றன. பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்குகள், தனியார் கடன்கள், கட்டடத் திட்டங்கள் போன்றவற்றில் இவை முதலிடுகின்றன. ஒருவர் செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை பொதுவாக 1 கோடி ரூபாய். முதல் இரண்டு வகை நிதியங்களின் காலம் குறைந்தது 3 ஆண்டுகள். மதிப்பின் அடிப்படையில் மூன்றில் இரு பங்கு முதலீட்டாளர்கள் இசைந்தால், குறித்த காலம் மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படலாம். கடன் நிதியங்கள் இடையிடையே வருமானம் வழங்கக்கூடும். ஆயினும் கடன் வாங்கிய நிறுவனம் தவணை செலுத்தினால்தான் அது நமக்கு வந்துசேரும். வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடும் இதற்கு இல்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓய்வூதியம் இல்லாத ஒருவரிடம் 1.5 கோடி ரூபாய் உள்ளது. மாதச் செலவு 50,000 ரூபாய். அவர் 1 கோடியை நிதியத்தில் இட்டால் எஞ்சுவது 50 லட்சம். அதில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பான 30 லட்சத்தை 8.2 சதவீத வட்டியில் இட்டால், ஆண்டுக்கு 2,46,000 ரூபாய் கிடைக்கும். மீதி 20 லட்சத்துக்கு 7 சதவீதம் எனக் கொண்டால் 1,40,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதத்திற்குச் சுமார் 32,000 ரூபாய். நிதியம் எதுவும் வழங்காத நிலையில் மாதந்தோறும் 18,000 ரூபாய் பற்றாக்குறை. 5 ஆண்டுகளில் அது 10 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவும் அந்த 20 லட்சத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். இடையில் மருத்துவச் செலவு நேர்ந்தால், முடக்கப்பட்ட 1 கோடி உதவிக்கு வாராது.

ஆகவே வரிசை முக்கியம். மாதச் செலவை உறுதியான வட்டியாலும் ஓய்வூதியத்தாலும் முதலில் ஈடுசெய்ய வேண்டும். அவசரத் தேவைக்கென ஒரு தொகையைத் தனியே வைக்க வேண்டும். அதற்குப் பின்னும் 1 கோடிக்கு மேல் எஞ்சுமாயின், இந்நிதியங்களை எண்ணிப் பார்க்கலாம்.

சிறு தொகையுடையோர்க்கு ரெய்ட் எனப்படும் கட்டட முதலீட்டு அறக்கட்டளைகள் உள்ளன. இந்தியாவில் முதலாவது ரெய்ட் 2019இல் பட்டியலிடப்பட்டது. பகிர்ந்தளிக்கத்தக்க நிகர பணவரவில் 90 சதவீதத்தை இவை முதலீட்டாளர்க்கு வழங்க வேண்டும். அலகுகளைச் சந்தையில் விற்கலாம். எனினும் விலை ஏறும், இறங்கும்.

பரிந்துரைப்பவர் நம் வங்கியின் அலுவலரேயாயினும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பணம் எப்போது திரும்பும்? இடையில் தேவைப்பட்டால் என்ன வழி? கட்டணம் எவ்வளவு? எழுத்தில் விடை கிடைத்த பின்னரே கையொப்பமிடுங்கள்.