பொழுது சாய்ந்தபின் சிறார்: இரவுத் தடை குற்றத்தைக் குறைக்குமா?

நம்பிக்கை: பதினெட்டு வயது நிரம்பாதோரை இரவு 10 மணிக்குமேல் தெருவில் இறங்கவிடாமல் தடுத்தால் சிறார் குற்றங்கள் குறைந்துவிடும்.

உண்மை: குறிப்பிட்ட வயதினர் குறிப்பிட்ட நேரத்துக்குமேல் பெரியவர் துணையின்றிப் பொது இடத்தில் இருப்பதையே தவறாக்கும் ஆணை ‘சிறார் ஊரடங்கு’ எனப்படுகிறது, 1990களில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பரவிய இந்த ஏற்பாட்டைப் பற்றிய 12 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டுக் கேம்பெல் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட மீளாய்வு, தடை நடப்பிலிருந்த மணிகளில் சிறார் குற்றம் குறையவில்லை, சற்றே கூடியதாகவும் தெரிகிறது என்றும், நாள் முழுவதையும் கணக்கிட்டால் மாற்றம் ஏறத்தாழ இல்லை என்றும் கண்டது. அந்நாட்டில் பள்ளி நாள்களில் சிறாரின் வன்முறைக் குற்றங்கள் உச்சம் தொடுவது நள்ளிரவில் அன்று, பள்ளி விட்டபின் வரும் பிற்பகலில். வாஷிங்டன் நகரில் தடை தொடங்கும் நேரம் நள்ளிரவிலிருந்து 11 மணிக்கு முன்தள்ளப்பட்ட பருவத்தில், அந்த ஒரு மணி நேரத்துத் துப்பாக்கிச் சூடு கூடியதை ஒலியுணர் கருவிகள் பதிவுசெய்தன. தடைக்குப் பணிந்து வீடு திரும்புவோர் பெரும்பாலும் வம்புக்குப் போகாதவர்களே என்பதால், அவர்கள் விலகியதும் தெருவில் பார்க்கும் கண்கள் குறைந்துவிடுகின்றன என்பது ஆய்வாளர் தரும் விளக்கம்.

நாடே வீட்டுக்குள் முடங்கிய 2020, இந்தியாவுக்கு யாரும் கேளாமலே வாய்த்த சோதனை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019இல் 32,269ஆக இருந்த சிறார் வழக்குகள் 2020இல் 29,768ஆயின. குறைவு எட்டு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை, 2021இல் எண்ணிக்கை மீண்டும் 31,170க்கு ஏறியது.

இரவு நடமாட்டத்தையே ஐயத்துக்குரியதாக்கும் சட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்கீழ் மதுரை வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்தெழ நேர்ந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தபின்னும் 1947 வரை நீடித்த அச்சட்டம் குற்றம் செய்தவரோடு செய்யாதவரையும் சேர்த்தே கட்டிவைத்தது.

எடுத்துக்காட்டாக, புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் காரைக்கால்மேட்டில் இத்தகைய தடை வந்தால் அது யார்மேல் விழும் என்பதை ஊகிப்பது கடினமன்று. விடியுமுன் படகு இறக்கும் மீனவ ஊரில், அப்பாவுக்குத் துணையாகப் பின்னிரவில் வலை சுமக்கும் பதினேழு வயதுப் பையனும், மாங்கனித் திருவிழா பார்த்துவிட்டுப் பிந்தித் திரும்பும் பிள்ளைகளும் தவறிழைத்தவராகிவிடுவர். வம்பு தேடுபவனுக்கோ, தமிழ்நாடு சூழ்ந்த, சுமார் 160 சதுர கிலோமீட்டரே கொண்ட இம்மாவட்டத்தில், எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாட்டு நாகூர், அங்கே புதுச்சேரியின் ஆணை செல்லாது.

நம்பிக்கை: இரவையும் சிறாரையும் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

உண்மை: பிடிபட்ட சிறாரைக் காவல் நிலைய லாக்கப்பில் ஓர் இரவும் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் விதிக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினரை இரவு 7 முதல் காலை 8 வரை கூலிவேலைக்கு அமர்த்தக்கூடாது என்கிறது. அதை மீறினால் தண்டனை வேலை வாங்கியவருக்கு, வேலை செய்த பிள்ளைக்கு அன்று.