தீயணைப்புப் பணியும் இடர்நேர்வு முகாமைத்துவமும்

மாணவர்களே, எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே தீ உண்டாகும் என்பதையும், இவற்றுள் ஒன்றை நீக்கினால் தீ அணையும் என்பதையும் அறிவீர்கள். இதனை அநேகமாக எல்லோரும் சரியாக எழுதிவிடுகின்றனர். அந்த ஒன்றை நீக்கச் செல்பவர் எவ்வாறு உயிருடன் திரும்புகிறார் என்று கேட்டால்தான் தடுமாற்றம் ஏற்படுகிறது.

முதலில் இரு பதங்களை வேறுபடுத்திக் கொள்ளுங்கள். தீங்கு விளைவிக்கக்கூடிய பொருள் அல்லது நிலைமை ஆபத்து எனப்படும். அத்தீங்கு நிகழ்வதற்கான வாய்ப்பும் அதன் பாரதூரமும் சேர்ந்ததே இடர்நேர்வு. (காப்புறுதி பற்றிப் படிக்கும்போது வரும் அதே சொல்தான்.) எரியும் வீடு ஓர் ஆபத்து. வெளியே நின்று நீர் பாய்ச்சுபவருக்கு இடர்நேர்வு குறைவு. உள்ளே நுழைபவருக்கு அதிகம். உள்ளே ஒருவர் உயிரோடு சிக்கியிருப்பின், கணக்கிட்டு, கூடிய இடர்நேர்வை ஏற்கலாம். சொத்து மட்டும் எனின் சிறிதளவே ஏற்கலாம். காப்பாற்ற எதுவுமே எஞ்சவில்லை எனின் சிறிதும் ஏற்கக் கூடாது. இது கோழைத்தனம் அன்று.

இனி ஓர் உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம். 1949 ஆகஸ்ட் 5 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் காட்டுத்தீ பரவியது. 15 தீயணைப்பு வீரர்கள் பரசூட் மூலம் இறங்கினர். அவர்களது வானொலிக் கருவியின் பரசூட் விரியாததால் அது விழுந்து நொறுங்கியது. ஏற்கெனவே அங்கிருந்த காவலர் ஒருவரும் சேர, மொத்தம் 16 பேர். ஆற்றை நோக்கி இறங்கிச் சென்றபோது தீ அவர்களுக்குக் கீழே பாய்ந்து வழியை மறித்தது. செங்குத்தான புற்சரிவில் மேல்நோக்கி ஓட நேர்ந்தது.

சரிவில் தீ ஏன் மேல்நோக்கி வேகமாகப் பரவுகிறது? சுவாலையின் கதிர்ப்பும், மேற்காவுகையால் எழும் சூடான வாயுக்களும் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்குகின்றன. ஆகவே அது விரைவில் தீப்பற்றும். மனிதனோ மேல்நோக்கி ஓடும்போது வேகம் குறைகிறான்.

கருவிகளைப் போட்டுவிடும்படி கட்டளையிட்ட தலைவர் வாக்னர் டொஜ், பின்னர் தமக்கு முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீக்குச்சியால் தீ மூட்டினார். அது எரிந்து முடிந்த சாம்பலில், ஈரக் கைக்குட்டையால் வாயை மூடிக் குப்புறப் படுத்தார். எரிபொருள் அற்ற அவ்விடத்தைப் பெருந்தீ சுற்றிச் சென்றது. ஏனையோரையும் அவர் அழைத்தார். முன்னர் பயிற்றப்படாத அம்முறையை அவர்கள் விளங்கிக் கொள்ளவில்லை, ஒருவரும் வரவில்லை. இருவர் மலைமுகட்டின் பாறை இடைவெளியூடாகத் தப்பினர். 13 பேர் இறந்தனர்.

இத்தகைய விபத்துகளை ஆராய்ந்தே அமெரிக்க வனத் துறை 1957 இல் 10 நிலையான கட்டளைகளை உருவாக்கியது. 1991 இல் போல் கிளீசன் என்ற அனுபவமிக்க வீரர் அவற்றின் சாரத்தை நான்காகச் சுருக்கினார்: கண்காணிப்பாளர், தொடர்பாடல், தப்பும் வழி, பாதுகாப்பு வலயம். இவற்றை மனனம் செய்தால் மட்டும் போதாது. தீயின் நிலை மாறும்போது நான்கையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். காலையில் தெரிவு செய்த வழி மாலையில் எரிந்து கொண்டிருக்கலாம்.

பயிற்சி வினா
1. டொஜ் தப்பியமையைத் தீ முக்கோணியைக் கொண்டு விளக்குக.
2. கிளீசனின் நான்கு அம்சங்களுள் மான் கல்ச்சில் இல்லாதிருந்தவை எவை? சம்பவத்திலிருந்து சான்று தருக.
3. உமது பாடசாலை ஆய்வுகூடத்தில் தீப்பற்றினால் நீர் தப்பும் வழி எது? அவ்வழி அடைபட்டால் அடுத்த வழி எது?