சின்ன பாஸைத் திரும்ப விடாதீர்கள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பண்ணைக்காரர்கள் பலரிடம் சொந்தக் குளம் உண்டு. அதில் என்றாவது ஒருநாள் 10 பவுண்டு லார்ஜ்மவுத் பாஸ் மீன் தூண்டிலில் மாட்ட வேண்டும் என்பது அவர்களின் தீராத ஆசை. அலபாமாவின் ஆபர்னில் மீன்வள ஆய்வாளர் ஹோமர் ஸ்விங்கிள் 1930-களில் தொடங்கி குளம் குளமாக மீன் விட்டு, பிறகு நீரை வடித்து, கிடைத்ததையெல்லாம் எண்ணி எடைபோட்டார். இரைமீனின் மொத்த எடை, அதைத் தின்னும் மீனின் எடையைப்போல் 3 முதல் 6 மடங்கு இருந்தால் குளம் நன்றாக இருக்கும் என்று 1950-இல் எழுதினார். கணக்கு கைக்கு வந்து இத்தனை காலமாகியும் சில நம்பிக்கைகள் அசையவே இல்லை.

நம்பிக்கை: பிடித்த பாஸையெல்லாம் திரும்ப விட்டால்தான் அது பெரிதாகும்.

உண்மை: சொந்தக் குளங்கள் பல இந்த நல்லெண்ணத்தால்தான் கெடுகின்றன. ஒரு பாஸ் ஒரு பவுண்டு எடை கூட, ஏறக்குறைய 10 பவுண்டு இரைமீன் தின்ன வேண்டும். குளம் தரும் இரைக்கு ஓர் எல்லை உண்டு. வாய்கள் பெருகினால் எல்லாவற்றுக்கும் அரைவயிறுதான். 12 அங்குலத்தோடு நின்றுவிட்ட பாஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலை மட்டும் பெரிதாக இருக்கும். வயிறு ஒட்டி, முதுகு சதையின்றி மெலிந்திருக்கும். வளரும் குஞ்சு என்று இரக்கப்பட்டு நாம் விடுகிற அந்த மீனுக்கு நாலைந்து வயதுகூட இருக்கலாம். இப்படிப்பட்ட குளத்தில் 14 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை ஆண்டுதோறும் ஏக்கருக்கு 20, 30 பவுண்டு வீதம் எடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் எடுத்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம், நல்ல மீன். திரும்ப விட வேண்டியவை கொழுத்த பெரிய மீன்கள். அவை பெரும்பாலும் பெண் மீன்களாகவே இருக்கும்.

நம்பிக்கை: உள்ளங்கை அகலத்துக்கு இரைமீனான புளூகில் கிடைக்கிறது, பாஸுக்குத் தீனிக்குக் குறைவில்லை.

உண்மை: பெரிய புளூகில் மட்டுமே கிடைத்தால், குஞ்சுகளைப் பாஸ் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். புளூகிலின் உடல் தட்டையானது, ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் உயரமானது. பாஸ் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டதை விழுங்கத் திணறும். ஆனாலும் அந்தப் பெரிய புளூகில்களைக் காப்பாற்றுங்கள். தென் மாநிலங்களில் வசந்தம் முடியும் நேரம் தொடங்கிக் கோடை முழுவதும் திரும்பத் திரும்ப முட்டையிடுபவை அவைதான். கரையோர ஆழமற்ற நீரில் ஆண் மீன் வாலால் மண்ணைக் கிளறித் தட்டுப்போல ஒரு குழி செய்து, முட்டைக்குக் காவல் நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் பல குழிகள் இருக்கும். எல்லா அளவிலும் இரை ஓயாமல் வந்துகொண்டிருப்பது இப்படி அவை திரும்பத் திரும்ப முட்டையிடுவதால்தான்.

நம்பிக்கை: மினோ என்னும் சிறுமீனை வாங்கிக் கொட்டினால் போதும்.

உண்மை: ஃபேட்ஹெட் மினோ சிறியது, வேகமும் குறைவு. பாஸ் நிறைந்த குளத்தில் விரைவில் துடைத்தெடுத்ததுபோல் தீர்ந்துவிடும். புதுக் குளத்தில், பாஸ் விடுவதற்குச் சில மாதம் முன்பே விட்டால் பலன் தரும்.

நம்பிக்கை: ஷாட் என்னும் இரைமீனை விட்டால் பாஸ் கிடுகிடுவென்று வளரும்.

உண்மை: எந்த ஷாட் என்பதைப் பொறுத்தது. திரெட்ஃபின் ஷாட் நல்ல இரைதான். ஆனால் நீர் 5 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கூட்டமாகச் செத்துவிடும். கிஸார்ட் ஷாட் குளிரைத் தாங்கும். ஆனால் சீக்கிரமே பெரும்பாலான பாஸின் வாய்க்கு அடங்காத அளவுக்கு வளர்ந்து, புளூகில் குஞ்சுகளின் உணவையும் தின்னும். அதை ஒருமுறை விட்டபின் முழுவதும் அகற்ற, நீரை வடிப்பதையோ மருந்திட்டு எல்லா மீனையும் கொல்வதையோ தவிர வேறு வழி அநேகமாக இருக்காது.