பாரவண்டி டயருக்கு எவ்வளவு காற்று?

டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண் அந்த டயரின் எல்லையைக் குறிப்பதே அன்றி நம் வண்டிக்கு உரிய அளவு அன்று என்பதை, ஜீப் வைத்திருப்போர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுதல் அவசியம். உரிய அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணிலோ கையேட்டிலோ இருக்கும். முழு பாரத்துக்கென்று தனி அளவு தந்திருந்தால், சாமான் ஏற்றும் நாளில் அதையே கைக்கொள்க.

அளப்பதற்கு உத்தமமான வேளை, வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்று டயர் குளிர்ந்திருக்கும் விடியற்காலை. நெடுந்தூரம் ஓடிய டயரில் உஷ்ணத்தினால் அழுத்தம் சில பவுண்டுகள் உயர்வது இயற்கை. அதைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பின் அளவு குறைந்துபோன அந்த டயர், மறுநாள் பாரத்தோடு ஓடுகையில் பக்கச் சுவர் ஓயாமல் வளைந்து நெகிழ, அந்த நெகிழ்வினாலேயே உள்ளுக்குள் சூடேறி வெடிக்கும் அபாயத்துக்கு ஆளாகும். மிகுதியான காற்றும் தீதே: நடுப்பகுதி மட்டும் தேய்ந்து சாலையில் பிடிமானம் குன்றும். எனினும், பாரவண்டிக்குக் குறைந்த காற்றே கொடியது என்பது என் துணிபு.

லாரியின் பின்புற ஜோடிச் சக்கரங்களில், கைக்கு எளிதில் எட்டாத உள்டயரை அலட்சியம் செய்வோர் பலர். அதில் காற்றுக் குறைந்தால் அதன் பாரமும் வெளிடயரின் மேல் விழுமாதலால், இரும்புக் கம்பியால் தட்டி ஓசையைக் கேட்டுத் திருப்தியடையாமல், மானி வைத்தே அளந்து பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறையேனும் ஸ்டெப்னியையும் சோதியுங்கள்.